வலப்பக்கம் உங்களுக்கு

ஹாத்கூன், லாவோஸ்
20 ஏப்ரல் 1996

அன்புள்ள புந்தாவி அண்ணனுக்கு,

தங்கை சந்தாமலி கைகூப்பி எழுதுவது. நானும் மகள் பிம்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் உடம்பும் லம்யாய் அண்ணியின் முழங்காலும் எப்படி என்று எழுதவும். உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது. முந்தாநாள் அக்கரையில் நீங்கள் ஆற்றில் இறங்கி மோட்டார் சைக்கிளைக் கழுவியதை என் சூப்புக் கடையில் நின்றபடியே பார்த்தேன். யாரோ எருமையைக் குளிப்பாட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கழுவுகிறவர் யார், கழுவப்படுவது எது என்று பிரித்துத் தெரிய கொஞ்ச நேரமாயிற்று.

நல்ல செய்தி. பிம்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை தாவொன், எங்கள் ஊர்த்தலைவர் சிங்காமின் இளைய மகன். கால்நடை மருந்தகத்தில் வேலை. மாட்டுக்கு ஊசி போடுகிற கைதான் என்றாலும் மென்மையான கை என்று உங்கள் மருமகள் சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மழைக்கால நோன்பு முடிந்து, படகுப் பந்தயத்துக்கு நாலாம் நாள் கல்யாணம்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. பெண்ணின் மணிக்கட்டில் முதல் வெள்ளை நூலைத் தாய்மாமன் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள். பிம்பாவின் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர். அக்கரைக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள் கூட இந்தக் கரையில் கால் வைக்கவில்லை. சந்தைப் படகு விட ஆரம்பித்த பிறகு நான் இரண்டு முறை வந்தாயிற்று. உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒருநாள் அனுமதிச் சீட்டு கேட்டால் கேட்ட நிமிஷம் தருகிறார்கள். போட்டோ ஒன்று போதும். எடுத்து வையுங்கள்.

கடிதத்தைச் சந்தைப் படகில் வந்து போகிற மிளகாய்க்காரியிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவளிடமே கொடுக்கவும். தபாலில் போட்டால் அது உங்கள் தலைநகருக்குப் போய், எங்கள் தலைநகருக்கு வந்து, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றைத் தாண்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். வேளாவேளைக்குச் சாப்பிடவும். குறைத்துச் சாப்பிடவும்.

தங்கை,
சந்தாமலி

&nbsp;

பான் தாலோம், தாய்லாந்து
18 மே 1996

அன்புத் தங்கை சந்தாமலிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. என் உடம்பு நலம். வேண்டிய அளவைவிட நிறையவே நலம். உன் அண்ணியின் முழங்கால் மழை வருமுன் சொல்லிவிடுகிறது, ரேடியோ வாங்கும் செலவு மிச்சம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

பிம்பாவின் கல்யாணச் செய்தி கேட்டு அண்ணி அழுதாள். நானும் அழுதிருப்பேன், வாயில் ஒட்டரிசிச் சோறு இருந்தது. மாப்பிள்ளைக்கு என் ஆசி. போட்டோ எடுத்தேன். வெந்த பூசணிக்காய்க்குச் சட்டை போட்டது போல் வந்திருக்கிறது. இதை எல்லைக் காவலர் பார்த்தால் காய்கறி வரி கேட்பார். வேறு எடுக்க வேண்டும்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பதவி வந்திருக்கிறது, சிரிக்காதே. இரண்டு கரை அதிகாரிகளும் கூடிப் பேசி இந்த வருஷப் பந்தயத்தில் ஒரு ‘நட்புறவுப் படகு’ விடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். நாற்பது துடுப்பு. இருபது பேர் உங்கள் ஊர், இருபது பேர் எங்கள் ஊர், ஒரே படகு. உலகத்திலேயே இப்படி ஒன்று கிடையாது என்று எங்கள் வட்டாட்சியர் மேசையைத் தட்டிச் சொன்னார். ஏன் கிடையாது என்று யாரும் கேட்கவில்லை. எதிர்ப்படகு டவுன்காரர்களுடையது, அவர்கள் வருஷா வருஷம் ஜெயிக்கிறவர்கள். இக்கரைக் குழுவுக்கு நான் செயலாளர். இரண்டு நாட்டு எழுத்தும் எழுதத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். துடுப்பு பிடிக்கத் தெரியாது என்பதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை.

மற்றது பின்னர். பன்றி குட்டி போடும் சமயம், கூடவே இருக்க வேண்டியிருக்கிறது.

அண்ணன்,
புந்தாவி

&nbsp;

ஹாத்கூன்
11 ஜூன் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும், குட்டி போட்ட பன்றியும் நலமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்ற வாக்கியத்தைத் தேடினேன். பூசணிக்காய் இருந்தது, பன்றி இருந்தது, நாற்பது துடுப்பு இருந்தது. அது மட்டும் இல்லை.

அக்கரைக் குழுவுக்கு நீங்கள் செயலாளர் என்றால் இக்கரைக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம் சம்பந்திதான், சிங்காம். நேற்று கடைக்கு வந்து ஒரு கிண்ணம் சூப்பை எதிரில் வைத்துக்கொண்டு நீங்கள் குழுவுக்கு எழுதிய கடிதத்தைப் புகழ்ந்தார். “அம்மா, ஒங்க அண்ணன் என்னமா எழுதுறாரு! ‘மேன்மை தங்கிய அக்கரைச் சகோதரர்களுக்கு’ன்னு ஆரம்பிச்சிருக்காரு. எங்க பசங்கள்ல பாதிப் பேரு தலைய வாரிக்கிட்டு வந்து நின்னானுங்க.”

மனிதர் நல்லவர். எதையும் நேராகக் கேட்கமாட்டார். காலை விந்தி விந்தி வந்து, உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி, எழுந்து போவார். போகும்போது வாசலில் நின்று, “அப்ப... ஒங்க அண்ணன் சௌக்கியந்தானே?” என்றார். “சௌக்கியம்” என்றேன். இன்னும் என்னவோ கேட்க வந்தவர் மாதிரி நின்றார். பிறகு மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படகைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். காலையில் இருந்து இரவு வரை சூப்பு குடிக்க வருகிற ஒவ்வொருவனும் அதைத்தான் பேசுகிறான். உங்கள் கடிதத்தில் படகு வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுகிறேன், சொல்லிவிட்டேன்.

வருகிறீர்களா, இல்லையா?

தங்கை,
சந்தாமலி

&nbsp;

பான் தாலோம்
2 ஆகஸ்ட் 1996

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலம் அறியக் காத்திருக்கிறேன். பதில் தாமதத்துக்குப் பொறுத்துக்கொள். காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனதும் பன்றிக்கு வந்தது. மரியாதையாக முறை வைத்து வந்தது.

நோன்பு தொடங்கிவிட்டது. சாராயம் விட்டிருக்கிறேன். அண்ணி இதை நம்பவில்லை; நீயாவது நம்பு.

படகைத் தாண்டிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். இதை மட்டும் படி. ஒரே படகில் இரண்டு ஊர் ஆட்கள் உட்கார வேண்டுமே, யார் எந்தப் பக்கம்? வலப்பக்கம் மரியாதைக்குரியது. அதை நாமே எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்குமா? குழுவில் எல்லோரும் ஒரே மனதாக வலப்பக்கத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்தோம். எங்கள் இருபது பேரும் ஆற்றோரம் கட்டிப்போட்ட மூங்கில் மிதவையில் உட்கார்ந்து தினமும் இடக்கைப் பக்கமாகவே துடுப்பு போட்டுப் பழகுகிறார்கள். ஒருபக்கம் சாய்ந்து மிதவை ஒருமுறை கவிழ்ந்தது. இதை சிங்காமுக்கு எழுதவில்லை. விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் காட்டினால் அது பெருமையடிப்பது. அன்றைக்கு அவர்கள் படகில் ஏறும்போது வலப்பக்கம் காலியாக இருக்கும், பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நீயும் மூச்சு விடாதே.

சிங்காம் காலை விந்தி நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். எதனால் அப்படி? பழைய காலத்தில் அவர் எந்தப் பக்கம் இருந்தவர்? சும்மாதான் கேட்கிறேன்.

பிம்பாவுக்கு ஒரு பட்டுத் துணி அனுப்பியிருக்கிறேன். அண்ணி தேர்ந்தெடுத்தது, அதனால் நன்றாக இருக்கும்.

அண்ணன்,
புந்தாவி

&nbsp;

ஹாத்கூன்
19 ஆகஸ்ட் 1996

அண்ணனுக்கு,

எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. பட்டு வந்தது. பிம்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். “அழகா இருக்குடி, மாமா எப்படித் தேடி அனுப்பியிருக்காரு பாரு” என்றேன். அவள் திரும்பாமலே, “துணிய அனுப்புறவங்க ஆளு வரமாட்டாங்கம்மா. நீ விடு. நூல யாராச்சும் கட்டட்டும்” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணா, நேராகக் கேட்கிறேன். என் மேல் கோபமா? அப்பா விட்டுப்போன இந்த வீட்டில் நான் மட்டும் இருந்துகொண்டேன் என்று மனத்தாங்கலா? அப்படியென்றால் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டு வாங்கினால் எனக்குப் பசி கூடும், வேறொன்றும் ஆகாது.

சிங்காம் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து விடுகிறார். இரண்டு கிண்ணம் சூப்பு சொல்கிறார், ஒன்றரைக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகிறார். என்ன கேட்க வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? பெண்ணுக்குத் தாய்மாமன் வருவாரா என்று கேட்க வருகிறார். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். நான் என்ன சொல்ல? பன்றிக்குக் காய்ச்சல் என்றா?

அவர் எந்தப் பக்கம் இருந்தவர் என்று எனக்கென்ன தெரியும்! இப்போது என் கடைப் பெஞ்சில் இடப்பக்கம் இருக்கிறார்.

படகுப் பத்தியைத் தாண்டிவிட்டேன். துடுப்பு போடுகிற பையன்கள் வேறு தினமும் வந்து தைலம் தைலம் என்று உயிரை எடுக்கிறார்கள். எல்லோருக்கும் இடது தோளில்தான் வலியாம். என் கடையில் தைலம் தீர்ந்துவிட்டது, பொறுமையும் தீர்ந்துவிட்டது.

சந்தாமலி

&nbsp;

ஹாத்கூன்
15 செப்டம்பர் 1996

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள். கடிதம் வராவிட்டாலும் உங்கள் கொடியில் துணி காய்கிறது. போன வாரம் பச்சைக் கட்டம் போட்ட கைலி, புதுசு. செத்தவர்கள் கைலி வாங்குவதில்லை.

மிளகாய்க்காரியிடம், “எங்க அண்ணன் ஏதாவது குடுத்தாரா?” என்று கேட்டேன். “குடுத்தாருக்கா. ஒரு கட்டு வெங்காயத்தாள். இந்தா” என்றாள்.

வெங்காயத்தாளுக்கு நன்றி.

சந்தாமலி

&nbsp;

பான் தாலோம்
29 செப்டம்பர் 1996

அன்புத் தங்கை சந்தாமலிக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். நீ நலமா? பிம்பா நலமா?

நாலு கடிதம் எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன். அண்ணி சொன்னாள்: “எழுதுறதுக்கு பதிலா எந்திரிச்சுப் போயிட்டு வந்திருந்தா இந்நேரம் ரெண்டு தடவ போயிருக்கலாம்.” அவளுக்கு முழங்கால்தான் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையுமில்லை.

உன் மேல் எனக்கென்ன கோபம்? அந்த வீடு உன்னுடையது. ஒழுகும் கூரையை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவள் நீ.

ஒரு யோசனை சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஆட்சி மாறுவதற்கு முன்னால் நான், தோற்றுப்போன அந்தப் பழைய ராணுவத்தில் அஞ்சு வருஷம் சமையல்காரன். துப்பாக்கி தொட்டதில்லை. என் கையால் யாரும் செத்ததில்லை, சாப்பிட்டவர்களைத் தவிர. ஆனால் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு சமைத்தேன் என்று இருக்கிறதல்லவா? சிங்காம் இப்போது ஊர்த்தலைவர். அவர் விந்துகிற கால் எங்கே அடிபட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. (இறங்குகிறது. ஆனால் மெதுவாக.) கல்யாணப் பந்தலில் நான் வந்து உட்கார்ந்து, யாரோ ஒருவர் “இவரு அந்தக் காலத்துல...” என்று ஆரம்பித்தால் பிம்பாவின் கதி என்ன? பள்ளிக்கூடத்தில் அவள் பார்க்கிற வாத்தியார் வேலை என்ன ஆகும்? கடிதத்தில் நான் சிங்காமுக்கு வெறும் செயலாளர். அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

அதனால் பந்தலில் யாராவது கேட்டால் பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லை, எப்போதோ போய்விட்டார் என்று சொல்லிவிடேன். சிங்காமுக்கு உண்மை தெரிந்தாலும் மரியாதைக்காரர், மறுத்துப் பேசமாட்டார். எல்லோருக்கும் வசதி.

அண்ணன்,
புந்தாவி

&nbsp;

ஹாத்கூன்
3 அக்டோபர் 1996

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. செத்துப்போனவரிடம் என்ன நலம் விசாரிப்பது?

உங்கள் யோசனையைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்த சூப்பில் உப்பை மூன்று தடவை போட்டேன். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் உங்களால்தான் தண்ணீர் குடித்துச் செத்தார்கள். என் அண்ணன் செத்துவிட்டான் என்று நானே வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா? தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அக்கரையில் உங்கள் கொடியைத்தான் பார்க்கிறேன். துணி காய்ந்தால் சரி, இன்றைக்கும் இருக்கிறார் என்று அடுப்பைப் பற்றவைக்கிறேன். இது உங்களுக்குத் தெரியாது. நான் எழுதியதில்லை. எழுதுகிற விஷயமா இது?

சிங்காமிடம் நான் எதுவும் பேசவில்லை. “எங்க அண்ணன் பழைய பட்டாளத்துல இருந்தாரு, பரவாயில்லையா?” என்று அவரிடம் கேட்டால், பரவாயில்லை என்றுதான் சொல்லியாக வேண்டும். மனிதரை அந்த நிலையில் எப்படி நிறுத்துவது? அவரும் என்னிடம் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது நம் எல்லோருடைய மரியாதையும். மரியாதையிலேயே இந்தக் கல்யாணம் நின்றுவிடும்.

ஒன்று சொல்கிறேன். முதல் நூல் கட்ட நீங்கள் இல்லையென்றால் பிம்பா கையில் ஒருவரும் நூல் கட்டப் போவதில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நான் சும்மா சொல்லவில்லை.

பந்தயம் எங்கள் கரையில்தான் முடிகிறது. செயலாளர் என்ற முறையில் நீங்களும் படகில் ஏறித்தான் ஆக வேண்டும். கரையில் நிற்பேன். கயிறு கொண்டு வருவேன்.

சந்தாமலி

&nbsp;

பான் தாலோம்
28 அக்டோபர் 1996

என் அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிற அண்ணன் எழுதுவது. தும்மல் மட்டும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் நனைந்தால் யாருக்கும் இருக்கும்.

நேற்று நடந்ததைக் கரையிலிருந்து நீ பார்த்திருப்பாய். நீ குடையை ஆட்டியதையும் நான் பார்த்தேன். கூப்பிட்டாயா, அடிக்க வந்தாயா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. படகுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. இதைத் தாண்டாமல் படி, உன் காலில் விழுகிறேன்.

நடு ஆற்றில் கட்டிய மேடையில்தானே எல்லோரும் படகேற வேண்டும்? எங்கள் பையன்கள் முதலில் ஏறி இடப்பக்கமாக வரிசையாய் உட்கார்ந்தார்கள். வலப்பக்கம் காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் இருபது பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஏறவில்லை. அப்படியே நிற்கிறார்கள்.

“ஏறுங்க தம்பி, வலப்பக்கம் ஒங்களுக்குத்தான்” என்றேன்.

முதலில் நின்ற பையன் பதறிப்போய்க் கும்பிட்டான். “ஐயையோ, அது ஒங்களுக்குன்னு நாங்க விட்டுட்டோம்ணே. நாங்க மூணு மாசமா இடப்பக்கந்தான் பழகியிருக்கோம்.”

பின்னாலிருந்து சிங்காம் வந்தார். “வலப்பக்கம் விருந்தாளிக்குங்க. அதுல நாங்க ஒக்காந்தா நல்லாயிருக்குமா?”

“நீங்கதான் எங்களுக்கு விருந்தாளி.”

“ஆறு ரெண்டு பேருக்கும் பொதுங்க. இதுல யாரு விருந்தாளி?”

இப்படியே கும்பிட்டுக்கொண்டிருந்தோம். டவுன்காரர்களின் படகு தயாராகி, புறப்படும் மணி அடித்து, அது பாதி ஆற்றையும் கடந்துவிட்டது. கடைசியில் கலந்து உட்கார்வது என்று முடிவாயிற்று. பாதி வலம், பாதி இடம், இரண்டு நாடும். ஆனால் நாற்பது பேருக்கும் தெரிந்தது இடக்கைத் துடுப்பு மட்டும். வலப்பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கை தானாக இடப்பக்கம் போகிறது. பக்கத்தில் இருப்பவனின் விலாவில் துடுப்பு இறங்குகிறது. “மன்னிச்சுக்கங்கண்ணே.” “பரவாயில்ல தம்பி, இடிச்சுக்கங்க.” படகு தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தது.

ஒலிபெருக்கியில் அந்தப் பேச்சாளன் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். “பாருங்க மக்களே, பாருங்க! நட்புறவுப் படகு ரெண்டு கரையையும் மாறி மாறி வணங்குது!” இரண்டு நாட்டு அதிகாரிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்கள் ஒன்பது தடவையாவது வணங்கியிருப்போம். எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அதையும் மரியாதை கருதி எந்தக் கரையையும் பார்க்காமல் எடுத்தேன்.

பின் வரிசையில் நானும் சிங்காமும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குத் துடுப்பு கிடையாது. கையில் ஆளுக்கொரு கொடி. நாலாவது சுற்றில் அவர் கொடியை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடியே பேசினார்.

“நீங்கதானே பழைய பட்டாளத்துச் சமையல்காரரு?”

எனக்கு உடம்பு சில்லிட்டது. தண்ணீர் அப்போதுதான் உள்ளே வர ஆரம்பித்திருந்தது, அதுவாகவும் இருக்கலாம். “ஆமாங்க” என்றேன்.

“ஊருக்கே தெரியுமே. தலையில வாணலியக் கவுத்துக்கிட்டு ஆத்துல நீந்திப் போனீங்களாமே?”

“ஆமாங்க. ஒங்க காலு... அந்தச் சண்டையிலயா?”

“இதுவா? எட்டு வயசுல மாமரத்துலேர்ந்து விழுந்தது. அதனாலதான் என்னையச் சண்டைக்கே சேத்துக்கல. கிடங்குல அரிசி அளந்துக்கிட்டிருந்தேன்.”

படகு ஒரு சுற்று சுற்றியது. உன் கடை தெரிந்தது, என் வீடு தெரிந்தது, மறுபடி உன் கடை தெரிந்தது.

“ஒங்க தங்கச்சி கடையில ஏப்ரல் மாசத்துலேர்ந்து சூப்பு குடிக்கிறேன்” என்றார் சிங்காம். “எனக்குச் சூப்பே பிடிக்காது. ஒங்கள எப்ப பாக்கலாம்னு கேக்கத்தான் போனேன். போனா கேக்க வரல. ஒருவேள வர விருப்பமில்லாம இருந்தா, நாம கேட்டு அந்தம்மாவ எதுக்குச் சங்கடப்படுத்துறதுன்னு வந்துருவேன்.”

“நான் வந்தா ஒங்களுக்குச் சங்கடமாயிருக்கும்னு...”

“எனக்கும் ஒரு அண்ணன் இருந்தாருங்க. அதே வருசந்தான் போனாரு. ஆத்தோட நிக்கல, கடலத் தாண்டிட்டாரு. இருக்காரா இல்லையான்னு தெரியல. ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆறுதானே இருக்கு? வந்து கட்டிட்டுப் போங்க.”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது முன்னால் யாரோ துடுப்பை வலப்பக்கம் எடுத்துப் போட நினைத்து எழுந்தான். படகு கவிழ்ந்தது. நட்புறவுக்கு ஒரு குறையும் வரவில்லை; அவரவர் பக்கத்தில் இருந்தவரைத்தான் பிடித்துக்கொண்டு நீந்தினார்கள். நீரோட்டம் எல்லோரையும் எங்கள் கரையில் கொண்டுவந்து தள்ளிவிட்டது. நீ கயிற்றோடு நின்ற கரைக்கு நான் வரவில்லை என்று கோபப்படாதே. நீரோட்டத்திடம் அனுமதிச் சீட்டு இல்லை. சிங்காமுக்கு என் பச்சைக் கைலியைக் கட்டக் கொடுத்து, அண்ணி சுடச்சுட இஞ்சித் தண்ணீர் கொடுத்து, சாயங்காலப் படகில் அனுப்பிவைத்தோம்.

இன்று காலை போட்டோ எடுத்தேன். பூசணிக்காய்தான். காவலர் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரியாத்தான் இருக்கு” என்று முத்திரை குத்திவிட்டார்.

கல்யாணத்தன்று முதல் படகில் வருகிறேன். அந்த வீட்டு வாசல் நிலையில் தலை இடிக்குமா இப்போதும்? குனிந்து வருகிறேன்.

அண்ணன்,
புந்தாவி

&nbsp;

ஹாத்கூன்
9 நவம்பர் 1996

அன்புள்ள லம்யாய் அண்ணிக்கு,

நாத்தனார் சந்தாமலி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் காலோடு நீங்கள் கல்யாணத்துக்கு வந்து, படகு தவறாமல் திரும்பியும் போனீர்கள். உங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் உங்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

உங்கள் கணவரைத் தயவுசெய்து திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நீங்களே பார்த்தீர்கள். நூலைக் கையில் எடுத்தார், பிம்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார், வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. எதற்கெடுத்தாலும் பத்து வார்த்தை பேசுகிற மனிதர் வெறுமனே நூலைக் கட்டினார், முடிச்சுக்கு மேல் முடிச்சு, முடிச்சுக்கு மேல் முடிச்சு. பிம்பாதான் கடைசியில், “மாமா, ரத்தம் ஓடலை” என்றாள். அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மறுநாள் திறந்தது, இன்னும் மூடவில்லை.

ஒருநாள் சீட்டில் வந்தவர். தினமும் சாயங்காலம் புறப்படுகிறார். தினமும் படகைத் தவறவிடுகிறார். ஒருநாள் செருப்பைக் காணோம். ஒருநாள் சிங்காம் பேச்சில் பிடித்துக்கொண்டார். ஒருநாள் படகுத்துறை வரை போய், கூரை ஒழுகுகிற இடம் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். ஓடு மாற்ற ஏறினார். இரண்டு ஓடு மாற்றி நாலு ஓட்டை மிதித்து உடைத்தார். என் சூப்பில் குறை கண்டுபிடித்து, அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரு பட்டாளத்துக்கு ஆகும் அளவு வைக்கிறார். வேறு அளவு அவருக்குத் தெரியவில்லை. மிச்சத்தை ஊரே வந்து குடிக்கிறது, முதல் ஆளாக சிங்காம். சூப்பே பிடிக்காது என்று சொன்ன மனிதர்! அவர்தான் ஊர்த்தலைவர் முத்திரையை வைத்துத் தினமும் ஒரு சீட்டு எழுதித் தருகிறார்: ‘நட்புறவுக் குழு அலுவல் நிமித்தம்’. அடுத்த வருஷப் படகில் வலப்பக்கம் யாருக்கு என்று இருவரும் பேசுகிறார்கள். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இது முடிகிற பேச்சாகத் தெரியவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் உங்கள் கொடியில் உங்கள் துணி மட்டும் காய்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது. அதனால் இன்றைக்கு அவரைக் கட்டாயம் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, துணியெல்லாம் நானே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ஒட்டரிசியும் பொரித்த மீனும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை மிளகாய்க்காரி முன்னதாகக் கொண்டு வருகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், மாடிப்படி ஏற வேண்டாம்.

கடைசிப் படகு ஐந்து மணிக்கு. அவரிடம் ஆறு என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
சந்தாமலி